பருந்தின் முன்வரிசை

வித்தெக் என்று எல்லோரும் கூப்பிடும் வித்தோல்ட் கவ்ரோனுக்கு உயரம் ஆகாது. பூமிக்குள் எழுநூறு மீட்டர் இறங்கிக் கரி வெட்டியவன். பதினோரு வருடம் அந்த இருட்டில் ஒருநாள்கூட அவன் கை நடுங்கியதில்லை. ஆனால் வீட்டில் திரைச்சீலை மாட்ட ஏணி போட்டால் அவன் மனைவி யோலாதான் ஏற வேண்டும். மூன்றாம் மாடியில் இருபத்தெட்டு வருடமாகக் குடியிருக்கிறான், பால்கனிக் கம்பியை ஒருமுறையும் தொட்டதில்லை.

இது தெரிந்தவர்கள் இரண்டே பேர். யோலா ஒருத்தி. இன்னொருவன் அதே கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் இருந்த ஜிக்முண்ட்.

ஜிக்முண்டும் சுரங்கத்து ஆள்தான். வேலை முடிந்து மேலே வந்ததும் குளியல் கூடத்தில் ஒருவன் முதுகை இன்னொருவன் தேய்த்துவிடுவது அங்கே வழக்கம். பதினோரு வருடமும் வித்தெக்கின் முதுகைத் தேய்த்தவன் அவன். சுரங்கத்தை மூடியபோது இருவரும் ஒரே வாரத்தில் ஜன்னல் தயாரிக்கும் தொழிற்சாலையில் சேர்ந்தார்கள். கண்ணாடிக் கிடங்கில் பலகை பலகையாகத் தூக்கி அடுக்கும் வேலை. வித்தெக்கின் மகள் தொரோத்தாவுக்கு ஞானஸ்நானத் தகப்பன் ஜிக்முண்ட். இரண்டு வீட்டுச் சாவியும் இரண்டு வீட்டிலும் தொங்கும்.

போன நவம்பரில் கிடங்கில் கண்ணாடியை இறக்கி வைத்துவிட்டு ஜிக்முண்ட் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. வித்தெக்தான் தன் காரில் போட்டுக்கொண்டு பக்கத்து நகரத்து மருத்துவமனைக்கு ஓடினான். இதயக் குழாயில் அடைப்பு, ஸ்டென்ட் வைத்தார்கள். தொழிற்சாலையில் சிறுநீரகக் கல் என்று சொல்லி வைத்தார்கள். உண்மை தெரிந்தால் கம்பெனி டாக்டர் ஒரே வரியில் ‘பாரம் தூக்கக் கூடாது’ என்று எழுதிவிடுவார். ஐம்பத்தைந்து வயதில் வேறு யார் வேலை கொடுப்பார்கள்?

“செத்தாலும் வாயைத் திறக்காதே, கிழவா” என்றான் ஜிக்முண்ட், படுக்கையில் இருந்தபடியே. சின்ன வயதிலிருந்து ஒருவரையொருவர் ‘கிழவா’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

“எனக்கென்ன பைத்தியமா?” என்றான் வித்தெக்.

தொழிற்சாலையை ஆரம்பித்த பெரியவர் இறந்துபோய் அவர் மகன் பிலக் நடத்திவந்தான். முப்பத்து நாலு வயது. தொழிலாளர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தோளில் கை போடுவான். “நாமெல்லாம் ஒரே குடும்பம்” என்பான். கை போட்ட தோளில் எவ்வளவு பலம் மிச்சம் இருக்கிறது என்றும் பார்த்துக்கொள்வான். ஜூன் மாதம் நற்கருணைத் திருநாளையொட்டி வந்த நீண்ட விடுமுறையில், தொழிற்சாலை முழுவதையும் பஸ்ஸில் ஏற்றிப் பெரிய கேளிக்கைப் பூங்காவுக்கு அழைத்துப் போனான்.

பஸ் நெடுஞ்சாலையில் ஏறியதும் பிலக் மைக்கைப் பிடித்தான்.

“கேளுங்க கேளுங்க! செப்டம்பர்ல ஜெர்மன்காரன் மெஷின் வருது. கண்ணாடியைத் தானே எடுக்கும், தானே அடுக்கும். பீர் குடிக்காது. முதுகு வலின்னு லீவு போடாது.”

பஸ் சிரித்தது.

“கிடங்குக்கு அப்புறம் ஒருத்தர் போதும். வித்தெக்கா, ஜிக்முண்டா? மூணு வாரமா எனக்குத் தூக்கம் இல்ல. ரெண்டு பேருமே எங்கப்பா காலத்து ஆளுங்க.”

“பூவா தலையா போடுங்க முதலாளி!” என்று கத்தினாள் பெயாத்தா. கணக்குப் பிரிவில் இருப்பவள். போனை உயர்த்திப் படம் எடுக்க ஆரம்பித்திருந்தாள்.

“அதைவிட நல்ல யோசனை இருக்கு. பூங்காவுல நாலு பெரிய ரோலர் கோஸ்டர் இருக்கு. ரெண்டு பேரும் நாலுலயும் ஏறட்டும். எவன் முதல்ல மாட்டேன்னு சொல்றானோ, எவன் முதல்ல வாந்தி எடுக்கிறானோ, அவன் வீட்டுக்கு.”

“ரெண்டு பேரும் நாலையும் முடிச்சுட்டா?”

“மறுபடியும் முதல்லேருந்து. ஒம்பது மணி வரைக்கும் திறந்திருக்கும்.”

அதற்குள் பின்சீட்டில் பந்தயம் தொடங்கிவிட்டது. சரக்கு வண்டி ஓட்டும் ஆர்தூர் எழுந்து நின்று, “வித்தெக் மேல ஒரு கேஸ் பீர்! ஜிக்முண்ட் தொப்பைக்குக் கம்பியே பூட்டாது!” என்றான்.

வித்தெக் ஜன்னல் பக்கம் திரும்பி முணுமுணுத்தான். “சும்மா சொல்றான்.”

“சும்மாதான் சொல்றான்” என்றான் ஜிக்முண்ட். “ஆனா செப்டம்பர்ல இதை நினைச்சுப்பான்.”

“உன் நெஞ்சு?”

“ஒட்டுப் போட்ட இடம் பழைய துணியைவிடக் கெட்டி. டாக்டரே சொன்னார்.”

“டாக்டர் சொன்னாரா?”

“நான் சொன்னேன். அவர் மறுக்கல.”

பூங்கா வாசலிலேயே கூட்டம் நெரிந்தது. குளிர்பெட்டி தூக்கிய குடும்பங்கள், கால்பந்துக் குழு பஸ்கள், எல்லை தாண்டி வந்த செக் நாட்டுக்காரர்கள், வெயிலில் நண்டாய்ச் சிவந்த கழுத்துகள். முதல் ரயில் மரத்தால் கட்டியது, பெயர் காட்டுப்பன்றி. அதற்கே ஒன்றேகால் மணி நேரம் வரிசை. பெயாத்தாவும் ஆர்தூரும் இன்னும் பத்துப் பேரும் கூடவே வந்தார்கள், பன்றி அடிப்பதைப் பார்க்கப் போகிறவர்கள் மாதிரி.

வித்தெக் கண்ணை மூடிக்கொண்டு காட்டுப்பன்றியை முடித்தான். மரம் கடகடவென்று அதிர்ந்தது அவனுக்குச் சுரங்கத்துக் கரி வண்டியை நினைவூட்டியது. அது கொஞ்சம் தைரியம் கொடுத்தது. ஜிக்முண்ட் பக்கத்தில் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே வந்தான். அவனுக்கு நிஜமாகவே பிடித்திருந்தது.

இரண்டாவது வௌவால். தரை கிடையாது, கால்கள் காற்றில் தொங்கும். இதில் கண்ணை மூடினாலும் பயன் இல்லை, கால்களுக்குத் தெரிந்துவிட்டது. இறங்கிய வித்தெக் நேராகக் கழிப்பறைக் கட்டடத்தின் பின்புறம் போய், தன் தொப்பியைக் கழற்றி அதற்குள்ளேயே வாந்தி எடுத்தான்.

ஜிக்முண்ட் பின்னாலேயே வந்து மூலையில் வழியை மறித்துக்கொண்டு நின்றான். ஆர்தூர் வேகமாக வந்தான்.

“எங்கே அவன்? வாந்தி எடுக்கிறானா?”

“ஒண்ணுக்குப் போறான். ஒரு மணி நேரம் வரிசையில நின்னா முட்டாதா? அம்பத்து மூணு வயசு மூத்திரப்பைடா. உனக்கும் ஒருநாள் வரும், அப்ப நான் வந்து எட்டிப் பார்க்கிறேன்.”

ஆர்தூர் மோந்து பார்த்துவிட்டுப் போனான். ஜிக்முண்ட் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தான், தன் கைக்குட்டையால் நண்பனின் தாடையைத் துடைத்தான், தொப்பியை வாங்கிக் குப்பைத் தொட்டியின் அடியில் திணித்தான்.

“நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்” என்றான் வித்தெக்.

“என்னது முடிஞ்சிருக்கும்?”

“எல்லாம்.”

“மீசையில இருக்கு, துடை” என்றான் ஜிக்முண்ட்.

மதியம் தொழிற்சாலைக்கென்று ஒரு கூடாரம். கரியில் வாட்டிய கொழுத்த சாஸேஜ், கடுகு விழுது, ரொட்டி. பிலக் தன் கையாலேயே இருவருக்கும் மும்மூன்று சாஸேஜ் வைத்தான். “தெம்பா சாப்பிடுங்க. அடுத்தது தலைகீழாப் போகும்” என்றான். சுற்றி நின்றவர்கள், “தின்னு! தின்னு!” என்று கை தட்டினார்கள். பெயாத்தா போனை வித்தெக்கின் வாய்க்கு அருகில் கொண்டுவந்தாள். எண்ணெய் வழியும் தட்டிலிருந்து வித்தெக் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் திரும்பிய சமயம் பார்த்து ஜிக்முண்ட் அவன் தட்டிலிருந்து இரண்டை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டான். கொழுப்பைத் தொடவே கூடாது என்று அவனுக்கு மருத்துவமனையில் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

மூன்றாவது ரயிலுக்குப் பெயர் சம்மட்டி. ஏழுமுறை தலைகீழ். இறங்கியதும் வித்தெக் நிமிர்ந்து நின்றான், அவன் வயிற்றில் வெளியே வர ஒன்றும் இல்லை. ஆனால் ஜிக்முண்ட் சிரிக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து வலது கையை இடது கக்கத்தில் வைத்து அழுத்திக்கொண்டான். உதடு சாம்பல் நிறமாகியிருந்தது. பையிலிருந்து ஒரு சிறு மாத்திரையை எடுத்து நாக்குக்கு அடியில் வைத்தான்.

வித்தெக் முன்னால் போய் நின்று அவனை மற்றவர்கள் பார்க்காதபடி மறைத்தான். அப்படி மறைத்து நிற்கும்போதுதான் அந்த எண்ணம் வந்தது: இவன் இப்போதே இங்கே விழுந்துவிட்டால் நான் அடுத்ததில் ஏற வேண்டாம். அந்த எண்ணம் வந்ததற்காகப் பதறினான். பதறிய பிறகும் அது போகவில்லை.

“போதும்டா. நீ வீட்டுக்குப் போயிடு” என்றான்.

“நீ போறியா?”

“நான் எப்படிப் போறது?”

“அப்ப நான் மட்டும் எப்படிப் போறது?” என்று எழுந்தான் ஜிக்முண்ட்.

நான்காவது பருந்து. எழுபத்தேழு மீட்டர் உயரம். பூங்காவின் எந்த மூலையில் நின்றாலும் தெரியும். ரயில் உச்சியில் ஒரு கணம் நின்று அப்படியே தலைகுப்புற விழும். வரிசை இரண்டு மணி நேரம். வெயிலில் தார் உருகியது. வரிசையின் பாதியில் ஓர் அறிவிப்புப் பலகை, அதில் சிவப்புக் கோடு போட்ட ஓர் இதயம். வரிசை நகராத பத்து நிமிடமும் ஜிக்முண்ட் அதன்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றான், யாரும் படிக்க முடியாதபடி. வித்தெக் மேலே பார்க்காமல் அந்தப் பலகையின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏறும் மேடைக்குப் பக்கத்தில் வந்தபோது பிலக் அதிக விலைச் சீட்டு வாங்கியவர்களுக்கான தனி வழியாக வந்து சேர்ந்துகொண்டான். பணிப்பெண்ணிடம் ஏதோ சொல்லிச் சிரித்து, இருவரையும் முன்வரிசையில் உட்கார வைத்தான். தான் அவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்தான். மடிமேல் கம்பி இறங்கிப் பூட்டியது. வித்தெக்குக்கு எதிரே தண்டவாளம் நேராக வானத்தில் ஏறி, ஓர் இடத்தில் இல்லாமல் போனது.

பணிப்பெண் கம்பிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

“இவருக்கு இதய நோய்” என்றான் வித்தெக்.

“என்ன சொன்னீங்க?”

“இவருக்கு இதய நோய். நெஞ்சில ஸ்டென்ட் வெச்சிருக்கு. போன நவம்பர்ல.” இந்த முறை உரக்கச் சொன்னான். யாரும் கேட்காமலே மருத்துவமனையின் பெயரையும் சொன்னான்.

பிலக் பின்னாலிருந்து மெதுவாக விசிலடித்தான்.

“உண்மையா, ஐயா?” என்று அந்தப் பெண் ஜிக்முண்டைக் கேட்டாள். இல்லை என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சட்டையைக் கழற்றியா பார்க்கப் போகிறாள்? ஆனால் அவன் அவளைப் பார்க்கவில்லை. வித்தெக்கின் முகத்தை, அது யாருடைய முகம் என்று நினைவுபடுத்திக்கொள்பவனைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“உண்மைதாம்மா” என்றான்.

எல்லாக் கம்பிகளும் தூக்கிக்கொண்டன. தொப்பை பெரிது, முழங்கால் வலி. ஜிக்முண்ட் அந்தத் தாழ்ந்த இருக்கையிலிருந்து எழ நேரமானது. வரிசையில் நின்றவர்கள் கத்தினார்கள்.

“சீக்கிரம் எறங்குய்யா! ரெண்டு மணி நேரமா வெந்துக்கிட்டு இருக்கோம்!”

“சாகணும்னா வீட்டுல கிடந்து சாவு! எங்க சீட்டுக் காசு போகணுமா?”

வித்தெக்கும் எழப் பார்த்தான். “நானும் இறங்கிடறேன். முடிஞ்சு போச்சே.”

பிலக்கின் கை பின்னாலிருந்து தோளை அழுத்தியது. “எங்கே ஓடுற? நாலாவது பாக்கி இருக்கு. ஏறலைன்னா நீயும் மாட்டேன்னு சொன்ன கணக்குதான்.”

கம்பி மறுபடி பூட்டியது. பக்கத்து இருக்கை காலி. ரயில் சங்கிலியில் கோர்த்து டக் டக்கென்று மேலே ஏறியது. உச்சியில் நின்ற அந்தக் கணத்தில் வித்தெக் கண்ணைத் திறந்துவிட்டான். கீழே வெளியேறும் படிகளில், கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கும் ஒரு வழுக்கைத் தலை தெரிந்தது. பிறகு எதுவும் தெரியவில்லை.

இறங்கும்போது அவன் கால்சட்டை முன்புறம் நனைந்திருந்தது. பெயாத்தா அதைத்தான் முதலில் பார்த்தாள்.

“அட, உங்க சீட்டுக்கு மட்டும் மழையா?” என்றாள். ஆர்தூர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிலக் குத்துச்சண்டையில் ஜெயித்தவனைப் போல வித்தெக்கின் கையைத் தூக்கிப் பிடித்தான். அந்தப் படம் மறுநாளே தொழிற்சாலையில் எல்லோருடைய போனிலும் இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் ஜிக்முண்ட் டிரைவருக்குப் பக்கத்திலிருந்த ஒற்றை இருக்கையில் உட்கார்ந்துகொண்டான். வித்தெக் சட்டையை இடுப்பில் கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தான். பிலக் மறுபடி மைக்கை எடுத்தான்.

“விளையாட்டை விடுங்க. இன்னைக்கு ஒரு உயிரைக் காப்பாத்தின மனுஷன் நம்ம கூட இருக்கார். அந்தப் பாழாப்போன உச்சியில ஏதாவது ஆகியிருந்தா? நம்ம குடும்பத்துல ஒருத்தர் போயிருப்பார். வித்தெக்குக்கு ஒரு கைதட்டல்!”

எல்லோரும் தட்டினார்கள். ஜிக்முண்டும் தட்டினான். திரும்பிப் பார்க்காமல், மற்றவர்கள் நிறுத்தியபின் இன்னும் இரண்டு முறை தட்டினான்.

உயிரைக் காப்பாற்றினேன் என்ற அந்த வாக்கியத்தை வித்தெக் பிடித்துக்கொண்டான். வீடு சேரும்வரை அதை மனதுக்குள் சொல்லிப் பழகி, யோலாவிடம் நடந்ததை அதிலிருந்தே தொடங்கினான். அவள் அடுப்பை அணைத்துவிட்டு முழுவதையும் கேட்டாள்.

“நாலாவதுலதான் அவனுக்கு நெஞ்சு இருக்கிறது ஞாபகம் வந்ததா?” என்றாள். “காலையில முதல் ரயில்லயே சொல்லியிருந்தா நானும் கை தட்டியிருப்பேன்.”

செவ்வாய்க்கிழமை ஜிக்முண்டுக்குக் கடிதம் வந்தது. ஆள் குறைப்பு என்று அதில் இல்லை. நோயை மறைத்துத் தொழிற்சாலையை ஏமாற்றினார் என்று இருந்தது. ஆள் குறைப்பில் போகிறவனுக்குக் கிடைக்க வேண்டிய எதுவும் அவனுக்குக் கிடைக்காது. பத்தொன்பது வருட வேலை அரைப் பக்கத்தில் முடிந்தது.

அன்று மாலை ஜிக்முண்டின் மனைவி தெரேசா கீழே வந்து கதவைத் தட்டினாள். வித்தெக்தான் திறந்தான்.

“உங்க வீட்டுச் சாவி” என்று நீட்டினாள். “எங்களுதைக் குடு.”

“உள்ளே வா, தெரேசா. நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு. அவன் உசுரு…”

“சாவி.”

ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அவள் அதைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “அவர் உன்னைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. திட்டுவார்னு மூணு நாளா காத்துக்கிட்டு இருக்கேன். திட்டினாத்தான் நெஞ்சு பாரம் குறையும்னு டாக்டர் சொல்லுவாரே, அதுகூட இல்ல” என்று சொல்லிவிட்டு மாடியேறினாள்.

ஜெர்மன் மெஷின் செப்டம்பரில் வரவில்லை, நவம்பரில் வந்தது. வந்து பார்த்தால், அது எடுத்து அடுக்கும், ஆனால் இரண்டு பக்கமும் இரண்டு பேர் நிற்க வேண்டும். கிடங்குக்கு ஒருத்தர் போதவில்லை. ஜிக்முண்டின் இடத்தில் பிலக் ஓர் உக்ரைன்காரனைப் பாதிச் சம்பளத்துக்குப் போட்டான். நல்ல வேலைக்காரன். வித்தெக் அவனிடம் பேசுவதில்லை. அவனுக்கும் அது தெரிந்துதான், மதியம் தனியாகப் போய் உட்கார்ந்து சாப்பிட்டான்.

ஜிக்முண்டுக்குப் பல்பொருள் அங்காடியின் கார் நிறுத்துமிடத்தில் காவல் வேலை கிடைத்தது. பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு, தள்ளுவண்டிகளைக் கோர்த்து இழுத்துக்கொண்டு வருவான். யோலா அங்கே போனால் நின்று பேசுவான், தொரோத்தாவின் பிள்ளைகளைப் பற்றி விசாரிப்பான். வித்தெக் கூட இருந்தால் வண்டிகளை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடுவான். அதில் கோபம் தெரியாது. வேலை இருப்பவன் போவது போலத்தான் போவான்.

வித்தெக் பாதிரியாரிடமும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிப் பார்த்தான். நண்பனின் உயிரைக் காப்பாற்றப் போய் அவன் வேலை போனதாகச் சொன்னான். பாதிரியார், அது பாவமே இல்லை, மகனே, நிம்மதியாகப் போ என்றார். பாவமன்னிப்புக்கூட வாங்க முடியாமல் திரும்பி வந்தான்.

கட்டடத்தில் ஒரே ஒரு லிஃப்ட். நாலு பேர் நிற்கலாம். காலையில் இருவரும் வேலைக்குப் போகும் நேரம் ஒன்றுதான், திரும்பும் நேரமும் ஏறத்தாழ ஒன்றுதான். அந்த ஜூனுக்குப் பிறகு ஜிக்முண்ட் லிஃப்ட்டில் ஏறுவதை நிறுத்திவிட்டான். ஐந்து மாடியும் படி. ஒரு மாடி ஏறி நிற்பான், மூச்சு வாங்குவான், மறுபடி ஏறுவான். மூன்றாம் மாடிக்கு வரும்போது மூச்சு இரைப்பது கதவுக்கு உள்ளே கேட்கும். வித்தெக் சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பான். அங்கேதான் ஜிக்முண்ட் அதிக நேரம் நிற்பான், வேறு காரணம் இல்லை, பாதி வழி அதுதான். சில நாள் அந்தச் சத்தம் சட்டென்று நின்றுவிடும். வித்தெக்கின் கை கரண்டியோடு அந்தரத்தில் நிற்கும். பிறகு செருப்புச் சத்தம் மேலே போகும்.

“போய்க் கதவைத் திறயேன்” என்றாள் யோலா ஒருநாள்.

“திறந்து?”



அடுத்த நாள் வித்தெக் சமையலறையிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிப்போய் மூன்றாம் மாடிப் படிகளின் திருப்பத்தில் வைத்தான். முதுகு உள்ள, நல்ல உறுதியான நாற்காலி. வைத்துவிட்டு உள்ளே வந்து கதவின் கண்ணாடித் துளையில் கண்ணை வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

ஆறு மணிக்கு ஜிக்முண்ட் வந்தான். பச்சைச் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. நாற்காலியைப் பார்த்தான், கதவைப் பார்க்கவில்லை. நாற்காலியின் முதுகில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, தலையைக் குனிந்து, நின்றவாறே மூச்சு வாங்கினான். வெகுநேரம் ஆனது. பிறகு, படியேறி வருபவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்பதைப் போல, நாற்காலியை நகர்த்திச் சுவரோரம் போட்டுவிட்டு மேலே ஏறினான்.